"ரஷ்யாக்காரன் குடிச்சதுதானே, என்ன பயம்?" – பதட்டத்துக்கு ஒன்லைன் தூள் எடுக்குற ஒரு தம்பிக்கு பதில்

தலவாக்கலை பக்கம் தோட்டத்து ஸ்கூல் ஒண்ணுல படிப்பிக்கிற 28 வயசு தம்பி ஒருத்தர் நீளமா எழுதியிருக்கார். பேர், ஸ்கூல், டிவிஷன் எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஆள் யாருன்னு தெரியிற மாதிரி இருந்த சில விஷயத்த மாத்தியும் இருக்கேன்.

வகுப்புல பிள்ளைங்களுக்கு முன்னுக்கு நின்னா இவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம். ஆனா வலயக் கல்விப் பணிமனையில இருந்து ஆள் வந்தாலோ, பெற்றார் கூட்டத்துல பேசச் சொன்னாலோ, அதவிட நுவரெலியாவுல கூட்டம் வச்சு சிங்களத்துல ரெண்டு வார்த்த சொல்லுங்க சேர்னு சொல்லிட்டாலோ போச்சு. நெஞ்சு அடிக்கிறது பக்கத்துல இருக்குறவருக்கே கேட்டுடுமோன்னு பயம், கை வேர்க்குது, குரல் நடுங்குது. சில கூட்டத்துக்கு லீவ போட்டுட்டு போகாமலே விட்டிருக்கார். ட்ரெய்னிங் கொலேஜ் காலத்துல இருந்தே இது இருக்கு. இப்படி இருக்கும்போதுதான் ஹட்டன்ல ஜிம்முக்கு போற கூட்டாளி ஒருத்தர் "இது மருந்து இல்ல மச்சான், சப்ளிமென்ட், ரஷ்யாவுல விண்வெளிக்கு போறவங்களுக்கே குடுத்தது"ன்னு சொல்லி ஒரு வெள்ளத் தூள குடுத்திருக்கார். பேர் ஃபெனிபட். அன்னைக்கு கூட்டத்துல தம்பி எழும்பி நின்னு பேசியிருக்கார், சிங்களத்துலயே. அதுக்கு பிறகு ஒரு பேஸ்புக் பேஜ்ல ஓடர் பண்ணி கூரியர்ல எடுக்க ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு. மொதல்ல கூட்டம் இருக்குற நாள் மட்டும், பிறகு திங்கக்கிழமை காலையில, இப்ப காலையும் பின்னேரமும். அளக்குறது டீ கரண்டியால.

ஒரு தடவ பார்சல் பிந்திடுச்சு. வெள்ளி ராத்திரியில இருந்து ஞாயிறு வரைக்கும் பொட்டுத் தூக்கம் இல்ல, டீ கோப்பைய ரெண்டு கையாலயும் பிடிச்சும் சிந்துது, லயத்துக்கு பின்னால இருந்து யாரோ பேர் சொல்லி கூப்புடுற மாதிரி கேட்டிருக்கு. அம்மா காத்து கருப்பு பட்டிருக்கும்னு நூல் கட்ட கூட்டிட்டுப் போக இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி அம்மாவோட கிளினிக் மாத்திரையில ஒண்ண எடுத்து போட்டிருக்கார், திங்கக்கிழமை பார்சல் வந்து ஒரு கரண்டி குடிச்சதும் எல்லாம் சரியாப் போச்சாம். இப்ப கேக்குறார்: இது தடை செஞ்ச சாமானா? தடை இல்லன்னா பயப்பட என்ன இருக்கு? சீசன் தொடங்கினதும் நேத்தி வச்சு சிவனொளிபாதமலை ஏறி அன்னையோட விட்டுடலாம்னு இருக்கேன், சரி வருமா? ஹொஸ்பிட்டல் போனா பொலிஸுக்கு சொல்லுவாங்களா, வேல போயிடுமா?

தம்பி, கடைசி கேள்விய விட்டு மூணாவதுக்கு மொதல்ல பதில் சொல்றேன், ஏன்னா அவசரம் அதுலதான் இருக்கு. மலை ஏறுங்க, ஆனா இந்த தூள அன்னைக்கு திடீர்னு விடுறதுக்காக ஏறாதீங்க. இன்னைக்கும் விடாதீங்க, நாளைக்கும் விடாதீங்க. ஒரு டொக்டர் இத கெட்டதுன்னு சொல்லாம விடாதீங்கன்னு சொல்றாரேன்னு யோசிப்பீங்க, காரணத்த சொல்றேன், கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

இது எப்படி வேல செய்யுது

மூளையில காபான்னு ஒரு இரசாயனம் இருக்கு, நரம்புகளோட துள்ளல அடக்கி வைக்கிறது அதோட வேல. அத அப்படியே தூளா சாப்பிட்டா ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள லேசுல போகாது. 1960கள்ல லெனின்கிராட்ல சோவியத் ஆட்கள் அந்த காபாவுல ஒரு பீனைல் வளையத்த சேத்தாங்க, அப்ப அது உள்ள போயிடுச்சு, அதுதான் உங்க கையில இருக்குற ஃபெனிபட். உள்ள போய் ரெண்டு எடத்துல பிடிக்குது. ஒண்ணு காபா-பி ரிசெப்டர், அதாவது நரம்புல காபா வந்து பிடிக்கிற ஒரு எடம். தசை இறுக்கத்துக்கு நாங்க எழுதுற பெக்லோஃபென் பிடிக்கிறதும் இதே எடம்தான், சொல்லப்போனா ஃபெனிபட்ல ஒரு குளோரின் அணு சேந்தா அதுதான் பெக்லோஃபென். மத்தது நரம்புக்குள்ள கால்சியம் போற வாசல்ல ஒரு பகுதி, அது நரம்பு வலிக்கு குடுக்குற பிரிகபலின் பிடிக்கிற எடம். பிரிகபலின்னா விளங்கும்னு நினைக்கிறேன், கேப்சூல் கேப்சூலா பொலிஸ் பிடிச்சதா நியூஸ்ல வாரது அதுதான். அப்ப பாருங்க, நீங்க மருந்தே இல்லன்னு நம்பி குடிக்கிறது ரெண்டு பெரிய மருந்தோட வேலைய ஒரே நேரத்துல பாக்குது. அன்னைக்கு கூட்டத்துல உங்களுக்கு வேல செஞ்சது பொய் இல்ல, மனப்பிரம்மையும் இல்ல, நெசமாவே வேல செஞ்சிச்சு, அதுதான் எனக்கு பயம். சும்மா மாவா இருந்திருந்தா நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொரு குணமும் இருக்கு இதுக்கு. வாயால எடுத்தா ஏறுறதுக்கே ரெண்டு மூணு மணித்தியாலம் பிடிக்கும். காலையில ஆறு மணிக்கு குடிச்சிட்டு ஏழரைக்கு ஒண்ணும் தெரியலையேன்னு இன்னும் அரைக் கரண்டி போட்டதா எழுதியிருக்கீங்க பாருங்க, நிறைய பேர் மயங்கி விழுறது அப்படித்தான், மொதல் கரண்டியும் ரெண்டாவது கரண்டியும் ஒண்ணா சேந்து ஏறும். ரஷ்யாவுல மாத்திரை ஒண்ணு 250 மில்லிகிராம், டொக்டர் எழுதிக் குடுத்து, சில வாரத்துக்கு மட்டும், நாளைக்கு மூணு வேளையா பிரிச்சு. உங்க டீ கரண்டியில எவ்வளவுன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. குமிச்சு எடுத்தா ஒரு அளவு, தட்டி எடுத்தா ஒரு அளவு, மழைக்காலத்துல தூள் ஈரம் ஏறி கட்டியானா வேற அளவு.

பழகிப் போற வேகத்தப் பத்தியும் சொல்லணும். கூட்டத்துக்கு மட்டும்னு தொடங்கி ரெண்டு வேளையா ஆனது உங்க மனசு பலவீனம்னு எழுதியிருக்கீங்க, அப்படி இல்ல. ரம்பொட இறக்கத்துல பஸ் எறங்கும்போது பக்கத்துல ஒரு ஆள் நின்னு பிரேக்க மிதிச்சிக்கிட்டே வாரார்னு வச்சிக்குங்க, கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் தன்னோட கால பிரேக்ல இருந்து எடுத்துட்டு அக்ஸிலேட்டர்ல வச்சிடுறார், வண்டியும் ஒரே வேகத்துல போகுது, ஒண்ணும் வித்தியாசம் தெரியல. அந்த ஆள் பட்டுன்னு கால எடுத்தா? உங்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்தது அதுதான். மூளை தன்னோட சொந்த பிரேக்க தளர்த்தி வச்சிருந்த நேரத்துல பார்சல் வரல.

அந்த மூணு நாள் காத்து கருப்பு இல்ல

தூக்கம் போறது, கை நடுங்குறது, வேர்த்துக் கொட்டுறது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுறது, இல்லாத குரல் கேக்குறது, இதெல்லாம் ஃபெனிபட்ட திடீர்னு விட்டவங்ககிட்ட வைத்திய சஞ்சிகைகள்ல திரும்பத் திரும்ப எழுதி வச்சிருக்கிற அறிகுறி. உங்க கடிதத்தையும் அதையும் பக்கத்துல வச்சா ஒண்ணுக்கொண்ணு பொருந்துது. பைத்தியம் பிடிக்குதோன்னு நீங்க பயந்திருக்கீங்க, குரல் கேட்டது அந்த ரெண்டு மூணு நாளோட நின்னுது, தூள் உள்ள போனதும் போயிடுச்சு, அதனால இப்போதைக்கு அத வித்ட்ரோவல், அதாவது பழகின சாமான திடீர்னு நிப்பாட்டினதால வார கோளாறுன்னுதான் நான் பாக்குறேன். இது இன்னும் ஒரு படி போனா வலிப்பு வரும், ஆள் எங்க இருக்கோம்னு தெரியாத குழப்ப நிலைக்கு போவாங்க, ஐசியூவுல வச்சு பாக்க வேண்டி வந்தவங்க இருக்காங்க.

இப்ப மலைக்கு வாரேன். நல்லதண்ணி பக்கமா ஏறினா 5,500 படி கிட்ட வரும், ராத்திரில ஏறுவீங்க, குளிரு, தூக்கம் இல்ல, சாப்பாடும் ஒழுங்கா இருக்காது, கூட்டத்துல பிள்ளைகுட்டியோட ஆட்கள். நிப்பாட்டி 24 மணித்தியாலம், 36 மணித்தியாலம் ஆகுற நேரம் நீங்க அந்த உச்சிப் படிகள்ல கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிப்பீங்க. அங்க வலிப்பு வந்தா என்ன செய்யிறது? நேத்தி வைக்கிறத நான் குறை சொல்லல, வைராக்கியம் இந்த வேலைக்கு வேணும்தான். சாமிகிட்ட "கிளினிக் போறேன், ஒழுங்கா முடிக்கிறேன்"னு நேத்தி வைங்க, முடிஞ்ச பிறகு போய் நிறைவேத்துங்க, சீசன் வெசாக் வரைக்கும் இருக்குதானே.

அம்மா நூல் கட்டணும்னா கட்டிக்குங்க, அதால ஒரு கெடுதியும் இல்ல, அவங்களுக்கும் மனசு ஆறும். ஆனா அங்க குடுக்குற லேகியம், சூரணம், வேர்த்தண்ணி எதையும் இப்ப வாயில வைக்காதீங்க. அம்மாவோட மாத்திரையையும் திரும்ப தொடாதீங்க. கிளினிக்ல தூக்கத்துக்குன்னு குடுக்குற சில மாத்திரை ஃபெனிபட்டோட சேந்தா மூச்சு விடுறதே மெதுவாகிடும், அன்னைக்கு தூள் ஒடம்புல இல்லாத நேரமா போனதால தப்பிச்சீங்க. சாராயமும் அதே கதைதான். கல்யாண வீட்டுல, திருவிழாவுல ரெண்டு ஷொட் எடுப்பேன்னு ஒரு வரியில எழுதிட்டு போயிட்டீங்க, அந்த ஒரு வரிதான் முழுக் கடிதத்துலயும் என்னை கூடுதலா யோசிக்க வச்சது. தூள் எடுக்குற காலத்துல சாராயம், கசிப்பு, பியர் எதுவும் ஒரு சொட்டும் வேணாம். தலவாக்கலைல இருந்து ஹட்டன் ரோட்ல பைக் ஓட்டுறதையும் கொஞ்ச நாளைக்கு கூட்டாளிமார்கிட்ட விட்டுடுங்க.

சப்ளிமென்ட்னு ஒட்டினா சப்ளிமென்ட் ஆயிடுமா

தடை இல்லன்னா பயப்பட என்னன்னு கேட்டிருக்கீங்க. இதுல ஒரு விளக்கக் குறைவு இருக்கு, உங்களுக்கு மட்டும் இல்ல படிச்ச நிறைய பேருக்கும் இருக்கு. கஞ்சா, ஹெரோயின் மாதிரி சாமான்களுக்கு "இதெல்லாம் கூடாது"ன்னு ஒரு பட்டியல் இருக்கு, பட்டியல்ல இல்லன்னா அந்தச் சட்டம் தொடாது. மருந்துக்கு சட்டம் தலைகீழா ஓடுது. பதிவு செஞ்சா மட்டும்தான் விக்கலாம், இறக்குமதி செய்யலாம். பதிவு இல்லன்னா யாரும் அத தடை செய்யணும்னு அவசியமே இல்ல, அது ஏற்கனவே கதவுக்கு வெளியிலதான் நிக்குது. நம்ம நாட்டுல அந்த வேலைய பாக்குறது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்துல உருவானது. மருந்தும் இல்லாம சாப்பாடும் இல்லாம நடுவுல நிக்கிற சாமான்களையும் அந்தச் சட்டம் சேத்துத்தான் பாக்குது. அதனால பேக்கட்ல சப்ளிமென்ட்னு ஒட்டிட்டா தப்பிச்சிடலாம்ங்கிறது விக்கிறவரோட ஆசை, சட்டம் அப்படி இல்ல.

வெளியூர்ல என்ன நெலமன்னும் தெரிஞ்சிக்குங்க. ரஷ்யாவுல இது டொக்டர் எழுதினா வாங்குற மருந்து, விண்வெளி வீரர்களோட மருந்துப் பெட்டியில இருந்ததும் உண்மை. ஆனா உங்க கூட்டாளி மிச்சத்த சொல்லல. அந்த வீரருக்கு பின்னால ஒரு டொக்டர் கூட்டமே இருந்து, என்ன எடுத்தார், எப்ப எடுத்தார்னு பாத்துக்கிட்டு இருக்கும், ரெண்டு வேளைக்கு டீ கரண்டியால மாசக்கணக்கா யாரும் அவருக்கு குடுக்கல. அமெரிக்காவுல மருந்துகள அங்கீகரிக்கிற அரச நிறுவனமான எஃப்டிஏ இத எந்த வருத்தத்துக்கும் மருந்தா அங்கீகரிக்கவே இல்ல. அங்க 1994ல வந்த சட்டப்படி சப்ளிமென்டுக்கு முன்கூட்டி அங்கீகாரம் தேவையில்ல, அந்த ஓட்டைக்குள்ளால இத போத்தல்ல போட்டு வித்தாங்க. 2019 ஏப்ரல்ல எஃப்டிஏ சில கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பி, இது சப்ளிமென்ட்ல போடக்கூடிய சாமானே இல்லன்னு சொல்லிச்சு. 2009ல இருந்து 2019 வரைக்கும் அமெரிக்க நஞ்சுத் தகவல் நிலையங்களுக்கு ஃபெனிபட் சம்பந்தமா வந்த அழைப்பு 1,320. ஆஸ்திரேலியா 2018லயே பூரணமா தடை பண்ணிடுச்சு. ஆக "உலகம் பூரா ஓகே"ன்னு அந்த பேஸ்புக் பேஜ்ல போட்டிருக்கிறது சுத்தப் பொய்.

அங்கீகாரம் இல்லங்கிறதுக்கு வெறும் பேப்பர் வேலைன்னு அர்த்தம் எடுத்துடாதீங்க. எந்த டோஸ்ல எத்தன நாள் குடுத்தா என்ன ஆகும், நிப்பாட்டும்போது எப்படி குறைக்கிறது, சிறுநீரகம் சரியில்லாதவங்களுக்கு குடுக்கலாமா (இது கூடுதலா மூத்திரத்துல மாறாம அப்படியே வெளியாகுற சாமான், அதனால கேக்குறேன்), இதுக்கெல்லாம் இன்னைக்கு எதிர்பாக்குற தரத்துல யாரும் பெரிய ஆய்வு செஞ்சு நிரூபிச்சுக் காட்டல. உங்க பேக்கட்ட போட்டோ பிடிச்சு அனுப்பியிருக்கீங்க. முன்னுக்கு பெரிசா "மன அமைதி"ன்னு இங்கிலிஷ்ல போட்டு, பின்னுக்கு கீழ எறும்பு மாதிரி எழுத்துல மனுசப் பாவனைக்கு இல்ல, ஆராய்ச்சிக்கு மட்டும்னு போட்டிருக்கு, பெச் நம்பர் இல்ல, செஞ்ச எடம் இல்ல. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா அந்த ஒரு வரிய காட்டி "நாங்க குடிக்கச் சொல்லலையே"ன்னு சொல்லிடுவான். நாக்குல வச்சா கடும் புளிப்பா இருக்குன்னு எழுதியிருக்கீங்க, ஃபெனிபட் தூள் அப்படித்தான் இருக்கும், அதனால அது ஃபெனிபட்டா இருக்கலாம், ஆனா அது மட்டும்தானா உள்ள இருக்குன்னு நாக்கால சொல்ல ஏலாது.

சட்டப்படி உங்க நெலம என்னன்னு கேட்டா, நான் லோயர் இல்ல. மருந்துச் சட்டம் மொதல்ல பாக்குறது கொண்டு வாரவரையும் விக்கிறவரையும்தான், ஆனா நீங்களே வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா இறக்குமதி செஞ்சவர் நீங்கதான், கஸ்டம்ஸ்ல பார்சல் நின்னா உங்க பேர்தான் அதுல இருக்கும். அதவிட ஸ்டாஃப் ரூம்ல இன்டர்வியூக்கு போற இன்னொரு சேருக்கு கொஞ்சம் குடுத்தேன்னு எழுதியிருக்கீங்களே, அத இதோட விடுங்க. நல்லெண்ணத்துல குடுத்தாலும் குடுத்ததுதான், அவருக்கு ஏதாவது ஆனா டொக்டர் கேக்குற மொத கேள்வியும் வீட்டாள் கேக்குற மொத கேள்வியும் யார் குடுத்ததுன்னுதான்.

ஹொஸ்பிட்டல்ல என்ன நடக்கும்

பொலிஸ் பத்தின பயம். பழக்கத்த விட உதவி கேட்டு வார ஆள பொலிஸ்ல பிடிச்சுக் குடுக்குறது டொக்டரோட வேல இல்ல, நீங்க சொல்றத ரகசியமா வச்சிருக்கிறதுதான் எங்க கடமை. இதால வேலைய விட்டு நிப்பாட்டுவாங்கன்னு நான் நினைக்கல, மயக்கத்துல வகுப்புல விழுந்தா வார பிரச்சினைய யோசிச்சுப் பாருங்க. லீவுக்கு மெடிக்கல் வேணும்னா வருத்தத்தோட பேர எப்படி எழுதலாம்னு டொக்டர்கிட்டயே கேளுங்க, கேக்குறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

தோட்டத்து டிஸ்பென்சரியில இத முடிக்க ஏலாது. அங்க உள்ளவர நம்பாதீங்கன்னு சொல்லல, இந்த சாமான அவர் பாத்திருக்க மாட்டார், அவ்வளவுதான். மனநல கிளினிக் இருக்குற ஹொஸ்பிட்டலுக்கு போங்க, உங்களுக்குன்னா நுவரெலியா மாவட்ட பொது வைத்தியசாலை சரி. காசு ஒண்ணும் இல்ல. போகும்போது அந்த பேக்கட்ட கட்டாயம் கொண்டு போங்க, கரண்டியையும் கொண்டு போங்க, சிரிக்காதீங்க, டொக்டருக்கு அது உதவும். வழமையா எடுக்குற யூரின் டெஸ்ட்ல ஃபெனிபட் தெரியாது, அதனால நீங்க வாய் திறந்து சொன்னாத்தான் உண்டு. நிறைய டொக்டர்மார் இந்தப் பேர கேள்விப்பட்டும் இருக்க மாட்டாங்க, உடனே "இவருக்கே தெரியாதே"ன்னு எழும்பி வந்துடாதீங்க. சிங்களத்துல சொல்ல திக்கும்னா ஒரு கடதாசியில முன்கூட்டியே எழுதிக்கிட்டு போங்க: தூளோட பேர் இங்கிலிஷ் எழுத்துல, எப்ப தொடங்கினது, இப்ப நாளைக்கு எத்தன தடவ, கடைசியா எடுத்த நேரம், விட்டப்ப என்ன நடந்தது, சாராயம், வேற மாத்திரை. கூடவே "பெக்லோஃபென் மாதிரி, பிரிகபலின் மாதிரி"ன்னு ஒரு வரி எழுதினா எந்த நாட்டு டொக்டருக்கும் விளங்கும்.

அவங்க செய்யப்போறது பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. அளவ தெரிஞ்சிக்கிட்டு வாரக்கணக்குல மெல்ல மெல்ல குறைச்சு கொண்டு வரலாம், இல்லாட்டி பெக்லோஃபென் மாதிரி ஒண்ண மாத்திக் குடுத்து அத குறைக்கலாம். பெக்லோஃபென்ல இப்படி விட்டவங்க இருக்காங்க, ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி போகும்னு இல்ல. உங்களுக்கு ஏற்கனவே குரல் கேட்டிருக்கிறதால சில நாள் வாட்டுல வச்சு பாக்கவும் சொல்லலாம். எவ்வளவு எவ்வளவா குறைக்கணும்னு இங்க எழுதச் சொல்லி கேட்டிருந்தீங்க, எழுத மாட்டேன் தம்பி. கரண்டி கணக்க வச்சு நான் சொல்ற இலக்கம் உங்களுக்கும் சரி வராது, இத வாசிச்சுட்டு எடுக்குற வேற ஒருத்தருக்கும் சரி வராது. கிளினிக் நாள் வரும் வரைக்கும் கூட்ட வேணாம், நேரத்த மாத்த வேணாம், ஏறலையேன்னு மேல போட வேணாம்.

அதுக்கு முந்தி பார்சல் திரும்ப பிந்தி, நடுக்கமும் குரலும் வந்தா கிளினிக் நாளப் பாக்காம ராத்திரியா இருந்தாலும் ஹொஸ்பிட்டல் ஈடியூவுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) போங்க, 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மேல் டிவிஷன்னா ரோடு வரைக்கும் எறக்குறதுக்கு ஆள் வேணும், அதனால வீட்டுல ஒருத்தருக்காவது விஷயத்த சொல்லி வைங்க, தங்கச்சிகிட்ட சொல்லலாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு இதையும் சொல்லிக் குடுங்க: வலிப்பு வந்தா பக்கவாட்டுல சரிச்சு படுக்க வைக்கணும், தலைக்கு கீழ எதையாவது மெத்துன்னு வைக்கணும், வாய்க்குள்ள கரண்டி விரல் எதுவும் போடக்கூடாது, கையில சாவிக்கொத்து திணிக்க வேணாம், தண்ணி பருக்க வேணாம். எழுப்ப ஏலாத மாதிரி தூங்கி, மூச்சு மெதுவா, கொறட்ட மாதிரி வந்தா அது நல்ல தூக்கம் இல்ல, அப்பவும் 1990தான். மனசு தாங்காம ராத்திரில யார்கிட்டயாவது பேசணும்னா 1926, தேசிய மனநல நிறுவனத்தோட லைன், 24 மணித்தியாலமும் இருக்கு.

பதட்டத்துக்கு என்ன வழி

தூள விட்டா பழையபடி அந்த நடுக்கம் வந்துடுமேங்கிறதுதான் உங்க உண்மையான பயம்னு எனக்கு விளங்குது. கடிதத்துல மூணு எடத்துல அது வருது. வகுப்புல பயம் இல்ல, மத்தவங்க நம்மள எடை போடுற எடத்துல மட்டும் பயம், அதனால அந்த எடத்த தவிர்க்கிறது, வருசக்கணக்கா. நேர்ல பாக்காம பேர் வைக்கக் கூடாது, ஆனாலும் இது சமூகப் பதட்டக் கோளாறு மாதிரித்தான் எனக்கு தெரியுது, கூச்ச சுபாவம்னு விட்டுட வேண்டிய ஒண்ணு இல்ல. இதுக்கு அங்கீகரிச்ச மருந்து இருக்கு, செட்ரலின் மாதிரி. ஒரே நாள்ல வேல செய்யாது, நாலு ஆறு கிழமை பொறுக்கணும், மொத கிழமைகள்ல வயிறு பிரட்டும், சிலருக்கு பதட்டம் கொஞ்சம் கூடவும் செய்யும், அத பாத்துட்டு பாதியில விட்டவங்க நிறைய. கூட்டம் இருக்குற நாளுக்கு மட்டும்னா ப்ரோப்ரனலோல்னு ஒரு பழைய மாத்திரை, நெஞ்சு படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், ஆஸ்துமா இருக்குறவங்களுக்கு ஆகாது, உங்களுக்கு சின்ன வயசுல வீசிங் இருந்ததா எழுதியிருக்கீங்க, அத டொக்டர்கிட்ட சொல்லாம விட்டுடாதீங்க.

மருந்தவிட எனக்கு நம்பிக்கை இருக்குறது பழக்குறதுல. பயப்படுற எடத்துக்கு சின்னச் சின்ன படியா, தூள் இல்லாம, திரும்பத் திரும்ப போறது. சிங்களத்துல பேச பயம்னா நேரா நுவரெலியா மேடையில தொடங்க வேணாம். இந்த கிழமை ஃபார்மசியில போய் சிங்களத்துல ஒரு சாமான கேளுங்க, இலக்கணம் பிழைச்சா பிழைக்கட்டும். அடுத்த கிழமை போன்ல வலயப் பணிமனைக்கு அடிச்சு ஒரு விபரம் கேளுங்க. பிறகு கூட்டத்துல உக்காந்த எடத்துல இருந்தே ஒரு கேள்வி. நடுக்கம் வரும், வந்து கொஞ்ச நேரத்துல தானா எறங்கும், அது எறங்குறத ஒடம்பு பாக்கணும். தூள் குடிச்சிட்டு போனப்ப அத பாக்குற சந்தர்ப்பம் உங்களுக்கு கிடைக்கவே இல்ல, அதனாலதான் ஆறு மாசம் கூட்டங்கள்ல நல்லா பேசியும் பயம் ஒரு அங்குலமும் குறையல. இத ஒழுங்கா செய்ய கிளினிக்ல உளவளத்துணை செய்யிறவங்க இருந்தா அவங்களோட சேந்து படி போடுங்க. அப்புறம் ஒரு நாளைக்கு எத்தன ப்ளேன்டீ குடிக்கிறீங்கன்னு எழுதல. தேயில ஊர்ல இத கேக்கக் கூடாதுதான், ஆனாலும் கூட்டத்துக்கு முந்தி அடுத்தடுத்து நாலு கோப்பை சாயம் அடிச்சா நெஞ்சு அடிக்கத்தான் செய்யும்.

கடைசியா அந்த ஹட்டன் கூட்டாளி. அவர் மேல உங்களுக்கு கோபம் வந்திருக்குன்னு தெரியுது. சண்டைக்கு போகாம அவர் எவ்வளவு எடுக்குறார்னு கேட்டுப் பாருங்க, உங்களவிட முந்தி தொடங்கினவர்தானே. எடுக்குறார்னா இத அவருக்கும் காட்டுங்க, உங்கள பாத்து பயந்து அவர் திடீர்னு நிப்பாட்டிடக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல கிளினிக் போகலாம், உள்ள போகும்போது மட்டும் தனித்தனியா போங்க, ஒருத்தருக்கு எழுதின மருந்த மத்தவர் பங்கு போட வேணாம்.